கிளைடரில் தொடங்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வயல்வெளிகளில் ஆர்சி விமானம் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்சி விமானம், அதாவது ரேடியோ ரிமோட்டால் இயக்கும் மாதிரி விமானம், பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது போர் விமானச் சாயலில், வேகமாகப் பறக்கும் ஒன்றைத்தான். அது மணிக்கு 70, 80 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஒரு செக்கனில் 20 மீற்றர். ரிமோட்டின் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசிக்கிற இரண்டு செக்கனுக்குள் அது வயலின் அடுத்த கரையில் நிற்கும், இல்லாவிட்டால் மண்ணில் கிடக்கும். கிளைடர் என்பது மோட்டார் இழுக்காமலே இறக்கையால் காற்றில் மிதந்து போகும் விமானம். 2 மீற்றர் இறக்கையுள்ள பயிற்சிக் கிளைடர் மணிக்கு 25, 30 கிலோமீற்றரில் மிதந்து போகிறது. அதே இரண்டு செக்கனில் அது கடப்பது 15 மீற்றர்தான். பழகுகிறவருக்கு வேண்டிய அவகாசம் அங்கேதான் கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மோட்டார் பலமாக இழுக்கும்போது விமானத்தின் குறைகள் தெரியவராது. இறக்கை முறுகியிருந்தாலும், வால் பாரமாக இருந்தாலும் இழுக்கிற வேகத்தில் அது எப்படியோ ஏறிவிடும். மோட்டாரை நிறுத்தி இறக்க வரும்போதுதான் எல்லாம் ஒன்றாக வெளிப்படும், அப்போது திருத்த உயரமும் இருக்காது. கிளைடரை நிலத்தில் நின்றபடி மெல்ல எறிந்தாலே அதன் குறைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் இயந்திரத்தோடு பறப்பதற்கு முன் 1900, 1901, 1902 என்று மூன்று வருடம் கிளைடர்களில்தான் கட்டுப்பாட்டைப் பழகினார்கள். இயந்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வழிகாட்டியும் அதே ஒழுங்கில் போகிறது.

இடமும் காலமும்

பழகுவதற்கு நம் பக்கத்து வயல்களை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, ஆயித்தியமலை, வெல்லாவெளிப் பக்கமும், அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளும் வெள்ளாமை வெட்டி முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெளிதான். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக விதைப்பு தொடங்கும் வரை, ஏறத்தாழ மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு வாய்ப்பு. சிறுபோகம் வெட்டிய பிறகு ஓகஸ்ட் கடைசி முதல் மழை இறங்கும் வரை இன்னொன்று. தண்ணீர் இல்லாததால் சிறுபோகம் செய்யாத மானாவாரி வயல்கள் கோடை முழுக்கச் சும்மா கிடக்கும், அவைதான் முதல் தெரிவு. போடியாரிடமோ வயல் செய்கிறவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வட்டைவிதானைக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

குறைந்தது 150 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம் வேண்டும். அதற்குள் மின்கம்பி, தென்னை, பனை, யானை வேலி எதுவும் இருக்கக் கூடாது. யானை வேலிக்கு மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். விமானம் அதில் சிக்கினால் கை வைக்காமல், வேலியைப் பராமரிக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். படுவான்கரை உள்வயல்களில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். ஐந்தரைக்கே பெட்டியைக் கட்டிவிடுவது நல்லது.

வாவிக்கரையைத் தவிருங்கள். போம் விமானம் தண்ணீரில் மிதக்கும், ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட ரிசீவரும் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பெரும்பாலும் திரும்ப உயிர் பெறாது. வாவியிலும் ஆற்று வாய்களிலும் முதலை இருப்பதால் விழுந்த விமானத்தை நீந்தி எடுக்கப் போகவே கூடாது. கடற்கரை விசாலமாகத் தெரிந்தாலும் பழகத் தோதில்லை. அங்கே காற்று ஓயாது, நுண்மணல் வால் துண்டுகளை அசைக்கும் சிறு மோட்டாரான சேர்வோவின் பற்சக்கரத்துக்குள் போய் அரைக்கும்.

காற்றைப் பற்றி நம் ஊர் விவசாயிக்கும் மீனவருக்கும் தெரிந்தது போதும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் வீசும். வறண்டு, சூடாக, குத்திக் குத்தி அடிக்கும் அந்தக் காற்றில் பழகக் கூடாது. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும்போது இரண்டும் மோதி, திசை சில நிமிடத்துக்குள் தலைகீழாக மாறுவதுண்டு. வாடைக் காலத்தில் மழையும் சேறும். எந்த மாதமானாலும் காலை ஆறு முதல் எட்டு வரைதான் பழகுகிறவரின் நேரம். காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். ஒரு தடியில் 30 செ.மீ. நீள மெல்லிய ரிப்பனைக் கட்டி மண்ணில் குத்தி வையுங்கள். அது தொங்கிக்கொண்டோ லேசாக ஆடிக்கொண்டோ இருந்தால் எறியலாம். நேராக நீட்டிக்கொண்டு படபடத்தால் வீட்டுக்குப் போகலாம்.

அனுமதி விஷயம்

ஆளில்லாமல் பறக்கும் எதுவும் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்குள் வரும். கமரா இல்லாத கிளைடர்தானே என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் மாதிரியின் எடைக்குப் பதிவு வேண்டுமா என்பதைப் பறக்குமுன் அதிகார சபையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிமோட்டை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் ஓடர் போடுமுன் விசாரியுங்கள்.

மட்டக்களப்பு விமான நிலையம் நகரை ஒட்டியே இருக்கிறது. ஆகவே புதூர், திமிலைதீவு, வலையிறவு, வவுணதீவுப் பக்கம் வேண்டவே வேண்டாம். அம்பாறையில் உகணைப் பக்கமும் அப்படித்தான். முகாம்கள், பாடசாலை, கோயில், பள்ளிவாசல், சந்தை இவற்றுக்கு மேலே ஒருபோதும் பறக்காதீர்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பு நிறுத்தப்பட்டது. மட்டக்களப்பும் அன்று தாக்கப்பட்ட ஊர். வானத்தில் தெரியாத ஒன்று சுற்றினால் சனம் பயப்படுவது நியாயம். கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இன்ன இடத்தில் இன்ன நேரம் பழகுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தப் பயமும் தேவையில்லாத விசாரணையும் இருக்காது.

முதல் படி: கையால் எறியும் கிளைடர்

ரிமோட்டுக்குக் காசு சேர்க்கும் நாட்களில் இதைச் செய்யுங்கள். புத்தகக் கடைகளில் பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு விற்கும் 5 மி.மீ. போம் போட் ஒன்று போதும். ரெஜிபோம் தாளும் ஆகும், ஆனால் அது சீக்கிரம் உடைந்து உதிரும்.

வெட்ட வேண்டியவை: இறக்கை 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். வாலின் கிடைத்துண்டு 20 க்கு 6 செ.மீ. நிமிர்ந்து நிற்கும் துண்டு 8 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம். உடலுக்கு 50 செ.மீ. நீள நேரான மூங்கில் சிலாகை, சுண்டுவிரலை விட மெல்லியதாக. இறக்கையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 12 செ.மீ. தள்ளி வரவேண்டும். வால் கடைசி 6 செ.மீற்றரில் ஒட்டப்படும்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ஒன்று, இறக்கையை நடுவில் மேற்பக்கத் தாளை விட்டுவைத்து அடிப்பக்கத்தில் கீறி மடித்து, ஒவ்வொரு நுனியும் 4 முதல் 5 செ.மீ. மேலே எழும்பி நிற்கும்படி ஒட்டுங்கள். இந்த 'வி' வடிவம்தான் ஒரு பக்கம் சரிந்தால் தானாக நிமிர்த்துகிறது. இரண்டு, இறக்கையின் முன்விளிம்புக்குக் கீழே 4 மி.மீ. உயரத்துக்கு ஒரு போம் கீற்றை வைத்து ஒட்டுங்கள். வாலை விட இறக்கை இரண்டு பாகையளவு நிமிர்ந்து நிற்கும். அந்தச் சிறு கோணம் இல்லாவிட்டால் கிளைடர் மூக்குக் குத்திக்கொண்டே போகும்.

இப்போது இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. பின்னால் இரு பக்கமும் விரல் நுனியில் தாங்குங்கள். உடல் கிடையாக நிற்கும் வரை மூக்கில் களிமண்ணோ சில்லறைக் காசோ ஒட்டிக்கொண்டே வாருங்கள். இந்த இடம்தான் சமநிலைப் புள்ளி. மூக்கு பாரமான விமானம் மோசமாகப் பறக்கும், வால் பாரமான விமானம் ஒரே ஒரு தடவை பறக்கும் என்று ஆர்சிக்காரர்களிடையே ஒரு சொல் உண்டு. அது முழு உண்மை.

வெறும் வயலில் காற்றுக்கு எதிரே நின்று தோள் உயரத்தில் நேராக எறியுங்கள். மேல் நோக்கி எறியக் கூடாது. மூக்கு மேலே எழும்பி, நின்று, பிறகு குத்தினால் மூக்கில் கொஞ்சம் பாரம் கூட்டுங்கள். எறிந்தவுடனே கீழே போனால் பாரத்தைக் குறையுங்கள், அல்லது வாலின் பின்விளிம்பை 2 மி.மீ. மேலே வளைத்து விடுங்கள். ஒரே பக்கம் திரும்பினால் இறக்கை முறுகியிருக்கிறதா என்று பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை காரணம் அந்த முறுக்குத்தான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

தோள் உயரத்திலிருந்து 10 மீற்றருக்கு மேல் நேராகப் போய் வயிற்றில் வழுக்கி இறங்குகிறதா? அப்படியானால் சமநிலை, கோணம், முறுக்கு மூன்றும் உங்களுக்குப் புரிந்துவிட்டன. பெரிய விமானத்திலும் இதே மூன்றுதான்.

இரண்டாம் படி: ரேடியோக் கிளைடர்

முதல் ரேடியோக் கிளைடருக்கு அளவுகோல் இது: இறக்கை 1.5 முதல் 2 மீற்றர், பறக்கும் எடை 700 முதல் 1000 கிராம், தெளிவாகத் தெரியும் 'வி' வடிவ இறக்கை, ஈபிஓ போம் உடல், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் துண்டு) ரடரும் (பக்கம் திருப்பும் வால் துண்டு) மட்டும் உள்ள கட்டுப்பாடு, மூக்கிலோ முதுகிலோ சிறிய மோட்டார். இறக்கையில் எயிலரோன் (விமானத்தைப் பக்கம் சரிக்கும் அசையும் துண்டு) உள்ளவையும் நல்லவைதான், ஆனால் அவை பெரும்பாலும் தாமாக நிமிர்வதில்லை. முதல் விமானத்துக்கு எயிலரோன் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மோட்டார் முதுகில் இருந்தால் மூக்குக் குத்தும்போது தப்பிவிடும். மூக்கில் இருந்தால் மடியும் புரொபெல்லர் பூட்டலாம், மிதப்பு நன்றாக இருக்கும்.

மோட்டார் வைத்துவிட்டுக் கிளைடர் என்று சொல்லலாமா என்றால், அது உயரத்துக்குக் கொண்டுபோகும் ஏணி மட்டும்தான். 15 செக்கன் ஓட்டி, நிறுத்தி, இரண்டு நிமிடம் மிதந்து வருவதில்தான் பாடம் இருக்கிறது.

தனித்தனியாக வாங்கிப் பூட்டுவதானால் 800 கிராம் கிளைடருக்கு 2212 அளவு 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 10 க்கு 6 அங்குல அளவு மடிப்பு புரொபெல்லர், 9 கிராம் சேர்வோ இரண்டு, மூன்று செல் 1300 மில்லி ஆம்பியர் மணி லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி போதும். ஒரு சேர்வோவும் இரண்டு புரொபெல்லரும் கூடுதலாக எடுத்துவையுங்கள். ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை எஃப்எஸ் ஐ6 மாதிரியான 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆறு சனல் (ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே இயக்கும் வழி) ரிமோட்டே பல வருடம் ஈடுகொடுக்கும். மோட் 2 என்ற அமைப்பை எடுங்கள்: இடது ஸ்டிக்கில் மோட்டார், வலது ஸ்டிக்கில் எலிவேட்டர்.

பூட்டும்போது ரடர் சேர்வோவை ரிசீவரின் நான்காம் சனலில் செருகாமல் முதலாம் சனலில் செருகுங்கள். அப்போது திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் வலது கட்டைவிரலிலேயே வந்துவிடும். பிறகு எயிலரோன் விமானத்துக்குப் போகும்போது அந்த விரல் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை.

சேர்வோவை இயக்கி, ட்ரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும் பொத்தான்) எல்லாம் நடுவில் இருக்க, வால் துண்டுகள் நேராக நிற்கும்படி அவற்றைச் சேர்வோவோடு இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். எலிவேட்டர் மேலும் கீழும் 8 முதல் 10 மி.மீ. ரடர் இருபக்கமும் 25 முதல் 30 மி.மீ. எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 வீதம். விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள்: ஸ்டிக் வலப்பக்கம் போனால் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். இதில் ஒன்று மாறியிருந்தால் விமானம் எறிந்த மூன்றாவது செக்கனில் உடைந்துவிடும். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம்.

சமநிலைப் புள்ளி விமானத்தோடு வந்த தாளில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் இறக்கை அகலத்தின் மூன்றிலொன்றுக்குச் சற்று முன்னால் தொடங்குங்கள். 20 செ.மீ. அகல இறக்கையானால் முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்தியே சரிப்படுத்துங்கள், ஈயம் கடைசி வழி. பற்றரி நிற்கும் இடத்தை மாக்கரால் கோடிட்டு வையுங்கள்.

இரண்டு அமைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈஎஸ்சியில் பிரேக்கை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்திய பிறகும் புரொபெல்லர் காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னிழுக்கும், மடியாது. மற்றது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும், ரடர் லேசாக ஒரு பக்கம் திரும்ப வேண்டும். புரொபெல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் பறக்கக் கூடாது.

ரிமோட் கையில் வந்த நாளிலிருந்து சிமுலேட்டரில் பழகலாம். பிகாசிம் என்ற இலவசச் செயலி கிளைடருக்கென்றே செய்தது. ரிமோட்டை யுஎஸ்பி வயரால் கணினியில் கொழுவி, விமானம் உங்களை நோக்கி வரும் நிலையை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

பற்றரி

லைப்போவின் ஒவ்வொரு செல்லும் நிரம்பினால் 4.2 வோல்ட். ஓய்வில் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 1300 பற்றரியை 1.3 ஆம்பியரில், பலன்ஸ் வயரையும் (செல்களைச் சமமாக நிரப்ப உதவும் சிறு வயர்) செருகி சார்ஜ் பண்ணுங்கள். இரண்டு நாளுக்கு மேல் பறக்கப் போவதில்லையென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். கட்டில், மெத்தை, ஓலைக்கூரை பக்கத்தில் சார்ஜ் வேண்டாம். சீமெந்துத் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருந்தபடி செய்யுங்கள். உப்பியது எதையும் திரும்பச் சார்ஜ் பண்ணக் கூடாது. மே, ஜூன் வெயிலில் மூடிய வாகனத்துக்குள் பற்றரியையும் விமானத்தையும் விட்டால் பற்றரி உப்பும், போம் இறக்கை முறுகும்.

மூன்றாம் படி: மோட்டார் இல்லாமல் எறிதல்

முதலில் ரிமோட்டைப் போடுங்கள், பிறகுதான் விமானத்தின் பற்றரி. நிறுத்தும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட். புரொபெல்லர் சுற்றும் தளத்துக்குள் விரலோ முகமோ வரவே கூடாது.

வைக்கோல் பரந்து கிடக்கும் மெத்தென்ற பகுதியாகப் பாருங்கள். காற்றுக்கு நேர் எதிரே, இறக்கை மட்டமாக, மூக்கு தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே பார்க்க, ஈட்டி எறிவது போல நேராகத் தள்ளி விடுங்கள். கையை வளைத்து வீசினால் இறக்கை சரிந்துவிடும். இன்னொருவர் எறிய, நீங்கள் இரு கையாலும் ரிமோட்டைப் பிடித்திருப்பது உத்தமம்.

நல்ல சமநிலையில் 15 முதல் 20 மீற்றர் மெதுவாகச் சாய்ந்து போய் இறங்கும். ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள், பிறகு ட்ரிம் இரண்டு மூன்று கிளிக் மாற்றுங்கள். எலிவேட்டர் ட்ரிம் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டால் பிழை ட்ரிமில் இல்லை, பற்றரியின் இடத்தில் இருக்கிறது. கை படாமல் பல தடவை ஒரே மாதிரி நேராக இறங்கினால் மாத்திரம் அடுத்த படி.

நான்காம் படி: உயரத்துக்கு

மோட்டாரை முக்கால்வாசிக்கு ஏற்றி அதே மாதிரி எறியுங்கள். ஏறும்போது மூக்கு தானாக எழும்பினால் ஸ்டிக்கை மெல்ல முன்னே தள்ளி 30 பாகைக்கு மேல் நிமிரவிடாமல் பிடியுங்கள். 15 செக்கனில் 60 மீற்றரளவு வந்துவிடும். மோட்டாரை நிறுத்துங்கள். இரண்டு பிழை விட்டாலும் திருத்த இடமிருக்கும் உயரம் அது.

திருப்பும் முறை: ரடரைச் சிறிது கொடுங்கள், ஒரு செக்கன் பொறுங்கள். முதலில் மூக்கு திரும்பும், பிறகு இறக்கை சரியும். சரிந்தவுடன் ரடரைப் பாதியாகக் குறைத்து, எலிவேட்டரை ஒரு பொட்டு இழுங்கள். புதியவர்கள் அந்த ஒரு செக்கன் பொறுக்காமல் இன்னும் ரடர் கொடுக்கிறார்கள், அது சுருளாக இறங்கத் தொடங்கிவிடுகிறது. அப்படி ஆனால் இழுக்க வேண்டாம். ரடரை நடுவுக்கு விட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுத்து இறக்கையை மட்டமாக்கி, அதற்குப் பிறகு மெல்ல இழுங்கள்.

விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும். மிகுதியான விபத்துகள் நடக்கும் இடம் இதுதான். இதற்கு ஒரே விதி: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும்.

எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே விமானத்தை வைத்திருங்கள். மணிக்கு 28 கிலோமீற்றரில் பறக்கும் கிளைடர் 15 கிலோமீற்றர் காற்றை எதிர்த்துத் திரும்பி வரும்போது அதன் வேகம் வெறும் 13. தலைக்குப் பின்னால் போக விட்டுவிட்டுத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். வெள்ளை விமானம் வெள்ளை மேகத்தில் மறைந்துவிடும். இறக்கையின் அடியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் கறுப்பு அல்லது சிவப்பு ரேப் ஒட்டினால் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தூரத்திலும் தெரியும்.

60 மீற்றரில் ஸ்டோலையும் (வேகம் போய் இறக்கை தூக்காமல் மூக்கு விழுவது) வேண்டுமென்றே பழகுங்கள். மோட்டார் நின்றிருக்க, ஸ்டிக்கை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். மூக்கு நிமிரும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் மூக்கு தொப்பென்று விழும். ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வேகம் பிடித்ததும் தானாக நிமிரும். இதற்கு எத்தனை மீற்றர் செலவானது என்று கண்ணால் அளந்து வையுங்கள், இறங்கும்போது அந்த அளவு உதவும்.

1300 பற்றரியில் இப்படி ஏறக்குறைய 12 ஏற்றம் கிடைக்கும். முதல் நாட்களில் ரிமோட் டைமரை ஆறு நிமிடத்துக்கு வைத்து, சத்தம் கேட்டதும் இறக்குங்கள். களைத்த கண்ணும் வியர்த்த விரலும் பிழை விடும்.

இறக்கம்

இதில் அவசரப்படவே கூடாது. காற்று உங்கள் முதுகில் பட நின்றால் நீங்கள் பார்க்கும் பக்கம்தான் காற்றோடு போகும் பக்கம். அப்படி உங்களுக்குப் பக்கவாட்டில் 20 மீற்றர் உயரத்தில் காற்றோடு கடந்து போக விடுங்கள். 40 மீற்றரளவு தாண்டியதும் காற்றுக்கு எதிராகத் திருப்பத் தொடங்குங்கள். கடைசித் திருப்பம் 8 மீற்றருக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இறக்கையை மட்டமாக வைப்பது மட்டுமே வேலை.

எட்டாது போலத் தெரிந்தால் ஸ்டிக்கை இழுக்கத் தோன்றும். இழுத்தால் வேகம் போய், 3 மீற்றர் உயரத்தில் ஸ்டோல் ஆகி மூக்கு உடையும். எட்டாவிட்டால் அங்கேயே இறங்கட்டும், நடந்து போய் எடுக்கலாம். இடுப்பளவுக்கு வந்த பிறகு ஒரு பொட்டு இழுத்தால் நிலத்தை ஒட்டி மிதந்து உட்காரும்.

வரம்புக்குக் குறுக்கே இறக்காதீர்கள், வரம்பின் நீளத்துக்கு இறக்குங்கள். வெட்டு மெஷின் போன தடம் காய்ந்தால் கல்லாகிவிடும், அதில் வால் தட்டினால் எலிவேட்டர் பிய்ந்துவரும். வயலுக்குப் போனதும் முதல் வேலை நடந்து பார்த்து இறங்கும் கீற்றைத் தெரிவுசெய்வதுதான்.

ரப்பரில் ஏற்றுவது

மோட்டாரே இல்லாத கிளைடருக்கு இது மலிவான வழி. 10 மீற்றர் இலேற்றெக்ஸ் ரப்பர்க் குழாய், அதோடு 40 மீற்றர் கனத்த தங்கூசி. தங்கூசி மீன்பிடிப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரப்பர் நுனியை நீளமான இரும்பு ஆணியால் காற்று வரும் பக்கத்தில் மண்ணில் ஆழமாக அடியுங்கள். தங்கூசியின் மறு நுனியில் வளையமும், வளையத்துக்குக் கிட்ட ஒரு துண்டுச் சிவப்புத் துணியும் கட்டுங்கள், விழுந்த இடம் தெரியும். அந்த வளையத்தை மாட்டும் கொளுக்கி விமானத்தின் அடியில் சமநிலைப் புள்ளிக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் போனால் ஏறும்போதே குடை சாயும்.

இழுவை விமான எடையின் மூன்று மடங்கு. 800 கிராம் விமானத்துக்கு இரண்டரைக் கிலோ. மீன் நிறுக்கும் சுருள் தராசைக் கொழுவி ஒரு தடவை அளந்து, எத்தனை அடி பின்னால் நடந்தால் அந்த இழுவை வருகிறது என்று மண்ணில் குறி வையுங்கள். ஆணிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. ஆணி பிடுங்கினால் அது ரப்பரோடு சேர்ந்து பாய்ந்து வரும். வேலை முடிந்ததும் தங்கூசியைக் கடைசி அடி வரை சுற்றி எடுங்கள். வயலில் கிடந்தால் மாட்டின் காலையும் கொக்கின் காலையும் அறுக்கும்.

உடைந்தால்

ஈபிஓ போமை சுப்பர் குளு நன்றாகப் பிடிக்கும். ரெஜிபோமில் அதே பசை பட்டால் கரைந்து குழி விழும், பெற்றோல் வாசனை வரும் பசைகளும் அப்படித்தான். ரெஜிபோமுக்கு தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை, ஓர் இரவு காயவிட வேண்டும். உடைந்த முகங்களைச் சுரண்டிச் சமப்படுத்தாதீர்கள், உடைந்தபடியே பொருத்தினால்தான் துல்லியமாகச் சேரும். அதன்மேல் இழை ரேப். ஒட்டிய பிறகு எடை கூடியிருக்கும், சமநிலைப் புள்ளியைத் திரும்பப் பாருங்கள். விழுந்த விமானத்தின் சேர்வோவைக் கையால் திருப்பாமல் ரிமோட்டால் இயக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். கறகறத்தால் மாற்றிவிடுங்கள். முறுகிய இறக்கையை ஹெயார் டிரையரால் இளஞ்சூடாக்கி, எதிர்ப்பக்கம் மெல்ல முறுக்கி, ஆறும் வரை பிடித்திருந்தால் நேராகும்.

காற்று தூக்கும்போது

இறக்கம் கைக்கு வந்த பிறகு காலை ஒன்பதரை, பத்துக்குப் போய்ப் பாருங்கள். உழுது கறுத்த வயல், தார் வீதி, ஓட்டுக் கூரைகள் சூடேறி, அவற்றுக்கு மேலிருந்து சூடான காற்று தூணாக எழும்பும். ஆர்சிக்காரர்கள் இதைத் தேர்மல் என்பார்கள். செம்பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டால் அந்த இடத்தில் அது இருக்கிறது. நேராகப் போகும் கிளைடரின் ஒரு இறக்கை காரணமில்லாமல் எழும்பினால் தேர்மல் அந்தப் பக்கத்தில். எழும்பிய பக்கமே திருப்பி, 20, 25 மீற்றர் ஆரையில் வட்டமிடுங்கள். தேர்மல் காற்றோடு நகரும், ஆகவே வட்டமும் நகரும். திரும்பி வரும் தூரத்தை மறக்காதீர்கள். பருந்து சில வேளை கிளைடரைத் தாக்க வரும். அப்போது அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

விமானம் ஒரு புள்ளியாகச் சிறுத்துவிட்டால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியாது. அதற்கு முன்பே மூக்கைத் தாழ்த்தி வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள்.

அடுத்த விமானம்

மோட்டாரைத் தொடாமல், நினைத்த இடத்திலிருந்து பத்து மீற்றருக்குள் பல தடவை தொடர்ந்து இறக்க முடிந்தால் எயிலரோன் உள்ள விமானத்துக்குப் போகலாம். அப்போதும் நேரே போர் விமானத்துக்குப் பாயாமல், மேல் இறக்கையுள்ள, 1.2 முதல் 1.4 மீற்றர் பயிற்சி விமானமாக எடுங்கள். அதன் இறக்கை கிளைடரைப் போல அவ்வளவாகத் தானாக நிமிராது. சரித்த பிறகு எதிர்ப்பக்கம் கொடுத்து மட்டமாக்குவது உங்கள் வேலை. முதல் நாள் அதை 60 மீற்றருக்கு ஏற்றி, மோட்டாரைக் கால்வாசிக்குக் குறைத்து, கிளைடர் மாதிரியே மிதக்க விட்டு ட்ரிம் சரிபாருங்கள். பிறகு மோட்டாரை முழுக்க நிறுத்தி ஒரு தடவை இறக்குங்கள். காற்றில் பற்றரி தீர்ந்தாலும் ஈஎஸ்சி சூடேறி நின்றாலும் அந்த விமானத்தை அதே மாதிரித்தான் இறக்க வேண்டிவரும்.